ஞானஸ்நானத் தொட்டி

நிலநடுக்கத்தில் தெருக்குழாய்கள் எல்லாம் உடைந்துபோயின. தேவாலயம் பெருக்கும் அக்காவின் வாய்க்குச் சபையே கொஞ்சம் ஒதுங்கும். அவள் அன்று காலையில்தான் நிரப்பிய ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து மொண்டு, வாசலில் நின்றவர்களின் குடங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சபைச் செயலாளர் ஓடிவந்தார். "ஏம்மா, பைத்தியமா உனக்கு? நாளைக்கு உன் புருஷனுக்குத்தானே ஞானஸ்நானம்! எத்தனை வருஷம் அழுது ஜெபிச்சு, இப்பதான் மனுஷன் தலையாட்டியிருக்கான். தள்ளிப்போட்டா மனசு மாறிடுவான்."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

"மாறட்டும் ஐயா, மறுபடியும் அழுதுக்கறேன். தவிச்ச வாய்க்குத் தராம தொட்டியைப் பூட்டி வெச்சேன்னு ஆண்டவர்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது?"

"மூப்பர்கள்கிட்ட சொல்லுவேன்!"

"தாராளமா சொல்லுங்க. வரும்போது ஆளுக்கொரு வாளி எடுத்துட்டு வரட்டும்" என்றபடி அடுத்த குடத்தை வாங்கினாள்.