நான் சொன்ன கதை அந்தப் புத்தகத்தில் இல்லை

மயிலாப்பூர்க் குளக்கரையில், நடைபாதையில் சாக்கு விரித்துக் கடை தொடங்கியவன் நான். சாத்தூர்ப் பக்கம் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தியாகராய நகர்த் துணிக்கடையில் புடவை மடித்தேன். மழையில் நனைந்த பழைய புத்தகங்களை வேட்டியால் துடைத்து விற்றேன். பிறகு அதே தியாகராய நகரில் இரண்டு மாடிக்குப் புத்தகக் கடை கட்டினேன். அடையாறில் கிளையும் வைத்தேன். தூக்கிவிட ஒரு ஆள் இல்லை... ஒருத்தர்கூட இல்லை! பிள்ளைகளுக்கு எந்தச் சரித்திரப் புத்தகம், எந்தச் சாகசப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டு, எவ்வளவு படித்தவர்களெல்லாம் என் முன்னால் நின்றிருக்கிறீர்கள்!

அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

ஆம்... உங்கள் மகனுக்கு நான் தேடி எடுத்துக் கொடுத்தேனே, அதையும்தான்.

அட்டையில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். உள்ளே போனால் நாலாவது வரியில் தலை கிறுகிறுக்கும். ஆனால் அட்டைப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குள் ஒரு கதை ஓடத் தொடங்கிவிடும். அதைப் பிள்ளையிடம் சொல்வேன். மூச்சு முட்டுகிற இடம் பார்த்து நிறுத்துவேன். "மிச்சம் புத்தகத்துல இருக்கு!" என்பேன். பத்து வயதுக்குக் கடல், பன்னிரண்டுக்குக் கோட்டை, அதற்கு மேல் துரோகம். இதுதான் என் சூத்திரம். நீங்கள் என்னைப் படிப்பாளி என்றீர்கள். நான் மறுக்கவில்லை.

சொன்ன கதை உள்ளே இல்லையே என்று பிள்ளைகள் வந்து கேட்கவில்லையா? இல்லை. பாதிப் பேர் புத்தகத்தைத் திறப்பதில்லை. திறந்தவர்கள் வேறொரு கதையில் இறங்கி, என்னுடையதை மறந்துவிடுவார்கள்.

ஒருத்தி மறக்கவில்லை.

தேன்மொழி. அப்போது பதினோரு வயது. வீடு அடையாற்றங்கரைக் குடிசைகளில். அவள் அம்மா மந்தைவெளியில் வீட்டு வேலை செய்பவள். வகுப்பில் மகள் முதலாவதாக வந்தாள் என்று ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்கக் கூட்டி வந்திருந்தாள். தேன்மொழி கையில் எடுத்த புத்தகத்தின் அட்டையில் ஒரு பாய்மரக் கப்பல்; அதன் மேல்தளத்தில் ஒரு குதிரை.

நான் ஆரம்பித்தேன். ராஜாவுக்குக் குதிரை ஏற்றி வரும் கப்பல். அவற்றுக்குத் தண்ணீர் காட்ட ஒரு சிறுமி. புயலில் கப்பல் உடைகிறது. அவள் ஒரு குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டே நீந்திக் கரை சேர்கிறாள். மனிதர் இல்லாத தீவு. ஆனால் மணலில்... இன்னொரு குதிரையின் குளம்படி!

"அது யார் குதிர?" என்றாள் தேன்மொழி.

"மிச்சம் புத்தகத்துல இருக்கு, பாப்பா!"

பத்து நாளில் அம்மாவோடு திரும்பி வந்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடையில் நிற்க இடமில்லை. என் பக்கத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. என் பேச்சை நம்பி, தன் நூலகத்துக்கு மொத்தமாக வாங்க வந்தவர்.

"அண்ணாச்சி, மூணு தபா படிச்சிட்டேன். நீ சொன்ன பொண்ணு இதுல இல்ல. எங்க கீறா, காட்டு."

சட்டென்று எல்லோரும் திரும்பினார்கள். தலைமையாசிரியையும்.

"மூணு தடவ படிச்சும் வெளங்கலையா?" என்று சிரித்தேன். "முதல்ல ஒழுங்கா வாசிக்கப் பழகு, பாப்பா. சரித்திரம் உனக்கு ஆகாது. படக்கதை வாங்கிக்க."

கூட்டமும் சிரித்தது.

அவள் அழவில்லை. புத்தகத்தைப் பிரித்து, வந்த பக்கத்தை உரக்க வாசித்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை! தண்ணீர் ஓடுவதுபோல வாசித்தாள். என்னால் இந்த ஜென்மத்தில் முடியாது என்று நினைத்த வாசிப்பு. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கக் கூடாதா?

"எழுத்த வாசிச்சா ஆச்சா? அர்த்தம் தெரிய வேண்டாமா?" என்றேன்.

தலைமையாசிரியை இரக்கத்தோடு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அம்மாக்காரிக்கு முகம் சிறுத்துப் போயிற்று. "இன்னாடி, பெரியவங்க சொல்றாங்க இல்ல? வா, மானத்த வாங்காத!" என்று மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

படிக்கத் தெரியாதவன் நான். அந்தப் பெயரை அவள் தலையில் வைத்து அனுப்பினேன்.

பிறகு அந்தக் குடிசைகளை எடுத்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே குடியமர்த்தினார்கள். தேடியிருக்கலாம். நான் தேடவில்லை.

முழங்கால் விட்டுப்போய்க் கடையை மகனிடம் கொடுத்தபின், அறுபத்தெட்டு வயதில், மருமகளிடம் உட்கார்ந்து வாசிக்கக் கற்றேன். முதலில் எடுத்தது அந்தக் கப்பல் அட்டைப் புத்தகத்தைத்தான். முடிக்க நான்கு மாதம்! உள்ளே துறைமுகங்கள் இருந்தன, சுங்கவரி இருந்தது, காற்று வீசும் திசை இருந்தது. அட்டையைத் தவிர வேறெங்கும் குதிரையே இல்லை... இதைத்தான் அந்தப் பிள்ளை, என் பேச்சை நம்பி, மூன்று முறை படித்திருக்கிறாள்.

சென்ற மாதம் எங்கள் அடையாறு கிளைக்குத் தேன்மொழி வந்தாள். எழுத்தாளராக! சிறுவர்களுக்கு அவள் எழுதிய முதல் சரித்திர நாவல். அதில் குதிரைக் கப்பல், தீவு, மணலில் குளம்படி எல்லாம் இருக்கின்றன. அது யாருடைய குதிரை என்பதும் இருக்கிறது. எனக்கே தெரியாத விடை அது. முன்னுரையில் எழுதியிருக்கிறாள்: சின்ன வயதில் ஒரு புத்தகத்தை மூன்று முறை படித்தும் தனக்குப் புரியவில்லையாம், அதன்பின் இருபது வயதுவரை சரித்திரப் புத்தகம் எதையும் தொடப் பயமாம், புரியாமல் போனதைத் தானே எழுதிப் பார்த்தாளாம்.

என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா?"

"நான் அன்னைக்குச் சொன்ன கதைதானேம்மா இது!" என்றேன். என் வாயில் வந்தது அதுதான்... அது மட்டும்தான்!

"ஆமா அண்ணாச்சி," என்று சிரித்தாள். "நீங்க கரெக்டாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் அப்போ படிக்கத் தெரியல."

இல்லையம்மா என்று சொல்ல ஒரு நொடி போதும். சுற்றிலும் ஆட்கள், செல்போன்கள், என் மகன், என் பேரன். நான் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தேனா, கதைக்கு உரிமை கேட்க வந்தேனா? எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சொன்னபின் நெஞ்சு லேசாகும் என்றார்கள். ஆகவில்லை.

ஆனால் ஒன்று. அந்தச் சிறுமியைக் கடலில் இறக்கியவன் நான். மூன்றாம் வகுப்புப் படித்தவன்! அதை யாரும் மறைக்கக் கூடாது. அடுத்த பதிப்பில் என் பெயர் வர வேண்டும்: இந்தக் கதையைச் சொன்னவன் இவன், இது எந்தப் புத்தகத்திலும் இருந்ததில்லை, தேன்மொழி அன்றைக்குச் சரியாகத்தான் படித்தாள் என்று. பதிப்பிக்கிறவர்களே, பாதியைப் போட்டுப் பாதியை விட்டுவிடாதீர்கள். என் பங்கு முழுவதையும் போடுங்கள்.