கடைசி வரிக்கு மருந்து

மாங்காடு பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருந்து கொடுக்கிற ஜன்னலில் எனக்கு வேலை. மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கு ஒருவர் வருவார். ஆவடி ஃபாக்டரியில் ரிட்டையர் ஆனவர். இன்னும் ட்யூட்டிக்குக் கிளம்பியவர் மாதிரி இன் பண்ணிய சட்டை, பாலீஷ் போட்ட ஷூ.

ஒருநாள் மாத்திரையை வாங்கிக்கொண்டு சீட்டைத் திரும்ப நீட்டினார். "கீழ ஒண்ணு எழுதிக்கீறாரேம்மா, அது?"

'தினமும் யாரிடமாவது அரை மணி நேரம் பேசவும்' என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"அது ஸ்டாக் இல்ல சார்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம், பின்னால் நிற்பவர்களை முன்னே விட்டுவிட்டு, அவர்களுடைய மூட்டுவலி, மருமகள் கதைகளைக் கேட்டபடி கடைசி ஆளாக நிற்பார். பாவம், கால் கடுக்க நிற்கிறாரே என்று, வீட்டுக்கே மாத்திரை அனுப்பும் பட்டியலில் அவர் பெயரை நானே சேர்த்தேன்.

"இனிமே க்யூல நிக்க வேணாம் சார்" என்றேன்.

சீட்டின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். "அப்போ அந்தக் கடைசி வரிக்கு எங்கம்மா போய் நிக்கறது?"

மறுமாதம் அவர் வரவில்லை. பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஆபீஸில் சொல்லிப் பார்த்தேன். என்ன காரணம் எழுதுவது என்று கேட்கிறார்கள்.