கருப்பு, ஒல்லி, மூணு வயசு

ஹாலில் என் மகள் மீனா இணையத்தில் ஆங்கில டியூஷன் எடுக்கிறாள். நான் அடுப்படியில் நெத்திலி கிள்ளுகிறேன். "அட்ஜெக்டிவ்னா, ஒண்ணு எப்படி இருக்குன்னு சொல்ற சொல். கலர் சொல்லும், சைஸ் சொல்லும், நம்ம அபிப்பிராயத்தையும் சொல்லும்," என்கிறாள். பலகையில் எழுதும் மார்க்கர் வாடை இங்கே வரை வருகிறது. அந்த வாடை பட்டால் இன்றும் மீனா எங்கே என்று ஒரு தரம் எட்டிப் பார்ப்பேன்.

கல்யாணமான சில வருடங்களில், சிம்பாங் அம்பாட் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி மலாக்கா டவுனில் ஒரு பேரங்காடிக்கு வேலைக்குப் போனேன். படிப்பு குறைவு, கையெழுத்து மட்டும் அழகு. அதனால் சாமான்களுக்கு மார்க்கரால் அட்டை எழுதும் வேலை. துண்டுக்கு சாஃப்ட், பெட்டிக்கு ஸ்ட்ராங், சின்னச் சட்டைக்கு கியூட். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அத்தனையும் புகழ்ச்சி.

துண்டைப் புகழலாம். பெற்ற பிள்ளையைப் புகழ எங்கள் தோட்டத்தில் ஒருத்திக்கும் வாய் வராது. கண் பட்டுவிடும் என்ற பயம். மீனாவுக்கு முன்னால் எனக்கொரு மகன் இருந்தான். பஸ்ஸில் ஒருத்தி, "கொழுகொழுன்னு எவ்ளோ அழகு," என்று கன்னத்தைக் கிள்ளினாள். மறுவாரம் காய்ச்சல் கண்டது. அவன் எங்களுக்குத் தங்கவில்லை. ஆகவே மீனா வெள்ளையாக, குண்டாகப் பிறந்தபோது, வீட்டில் எல்லோரும் அவளைக் கருப்பி, நோஞ்சான் என்றே கூப்பிட்டோம். நீங்கள் சிரிக்கலாம். எங்களுக்கு அதுதான் வேலி.

ஒரு நாள் பிள்ளை பார்க்கிற அக்காவுக்கு உடம்பு முடியவில்லை. மூன்று வயது மீனாவை வேலைக்குக் கூட்டிப்போய், அட்டை எழுதும் மேசைக்கடியில் உட்கார வைத்தேன். 'நியூ' என்று எழுதி முடித்துக் குனிந்து பார்த்தால் பிள்ளை இல்லை.

ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யும் ஸ்டெல்லா அக்காவிடம் ஓடினேன். அவர் மீனாவைப் பார்த்ததில்லை.

"அழுவாத லா. பிள்ள எப்படி இருக்கும்?"

"கருப்பு க்கா. ஒல்லி. மூணு வயசு."

பொய் சொல்ல நினைக்கவில்லை. பயத்தில் வாய் பழகின தடத்தில் போய்விட்டது. ஸ்மால் கேர்ள், டார்க், தின் என்று கடை முழுக்க ஒலித்தது. மாரியம்மா, இதையும் எடுத்துக்காதே என்று துணி ரேக்குகளுக்கு நடுவில் ஓடினேன். பிறகு வாசல் காவலுக்கு நிற்கும் மாமா வந்தார்.

"கருப்பா ஒண்ணும் காணலம்மா. வெள்ளையா, குண்டா ஒண்ணுதான் பின்பக்கம் போச்சு. அது வேற பிள்ளன்னு விட்டுட்டேன்."

பின்பக்கம் லோரிகள் சரக்கு இறக்கும் இடம். திரும்ப ஸ்டெல்லா அக்காவிடம் ஓடினேன்.

"க்கா, மாத்திச் சொல்லுங்க. வெள்ளையா இருப்பா. கொழுகொழுன்னு..." மாரியம்மாவை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "அழகா இருப்பா க்கா."

"இத மொதல்லயே சொன்னா என்னடி?"

பியூட்டிஃபுல் என்று அவர் மைக்கில் சொன்னபோது காதைப் பொத்திக்கொண்டேன். லோரிக்குப் பயந்ததா, அந்தச் சொல்லுக்குப் பயந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஓடிப்போனால், ஒரு லோரி எஞ்சினை நிறுத்தி நிற்கிறது. ஓட்டுநர் அண்ணன் குனிந்திருக்கிறார். "மொத அறிவிப்புக்கு நான் அசையலம்மா. ரெண்டாவது கேட்டதும், இங்க சுத்திட்டு இருந்த வெள்ளக்குட்டி ஞாபகம் வந்து எறங்கிப் பாத்தேன்."

பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, என் மார்க்கரால் அட்டைப்பெட்டியில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கருப்பு மை. நான் காலையில் வைத்த திருஷ்டிப் பொட்டைவிடப் பெரிசு.

அந்தப் பேரங்காடி மூடிவிட்டது. தோட்டத்துத் தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் இப்போது தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். ஸ்டெல்லா அக்கா கர்த்தரிடம் போய்விட்டார். பிள்ளையைக் கருப்பி என்று கூப்பிட்ட தாய்மாரில் எத்தனை பேர் மிச்சமோ தெரியாது. இப்போது பிறந்த மறுநாளே போட்டோ போட்டு, ஊரே புகழ்கிறது.

"அம்மா, இங்க வாங்க. என்னைப் பத்தி ரெண்டு அட்ஜெக்டிவ் சொல்லுங்க, பிள்ளைங்க கேக்கட்டும்."

திரையில் இருபது முகங்கள். அத்தனை கண்களும் என் மகளைப் பார்க்கின்றன.

"கருப்பு," என்றேன். "ஒல்லி."

"டீச்சர், உங்க அம்மாக்குக் கண்ணு தெரியாதா?" என்றது ஒரு பிள்ளை. மற்ற பிள்ளைகள் சிரித்தன. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மீனா மட்டும் சிரிக்காமல் என் கையைப் பிடித்தாள்.

நான் அடுப்படிக்குத் திரும்பி, சாயங்காலம் அவளுக்குச் சுற்றிப்போட உப்பும் மிளகாயும் எடுத்து வைத்தேன்.