படிக்கட்டுக்கு அடியில் பதினாறாம் வாய்ப்பாடு

தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை மின்சார ரயில் நேரத்துக்கு ஓடுகிறதென்றால் அதற்கு ஒரே காரணம் அங்காளம்மாக்காதான். காலை எட்டே முக்காலுக்கு அவள் பள்ளிக்கூட கேட்டை இழுத்துச் சாத்தும் சத்தத்தில்தான் ரயில்களே கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். ஒருநாள் சூரியனே லேட்டாக வந்து வெளியே நின்றதாகக் கேள்வி.

முடிச்சூர் பக்கத்துப் பள்ளி அது. பெருக்குவது, மணி அடிப்பது, கேட்டைப் பூட்டுவது எல்லாம் அவள். ஒன்பதாம் வகுப்பு பென்னியை இந்த வருடம் மட்டும் பதினோரு தடவை வெளியே நிறுத்தியிருக்கிறாள்.

ஜூலையில் கட்டடத்தை மாற்றிக் கட்ட ஆட்கள் வந்தார்கள். எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லட்டுமாம். ஆளுக்கு இரண்டு ஸ்டிக்கர்: பிடித்த இடத்தில் பச்சை, வேண்டாத இடத்தில் சிவப்பு. பெருக்குகிறவளுக்கு ஸ்டிக்கர் கிடையாது.

பென்னி தேன்மிட்டாய் கொடுத்து, மூணாங்கிளாஸ் மாதிரி சின்னப் பிள்ளைகளிடமிருந்து எண்பத்தாறு சிவப்பைத் தேற்றினான். அத்தனையையும் படிக்கட்டுக்கு அடியில் அக்கா துடைப்பம் வைக்கும் அறையின் கதவில் ஒட்டினான். கதவுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. யார் ஒட்டியதென்று கேட்டதற்கு, மூணாங்கிளாஸ் பிள்ளைகள் என்று கைகாட்டினான். பள்ளியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.

அடுத்த வாரம் பிரேயரில் இன்ஜினியர் வரைபடத்தைக் காட்டினார். "நீங்க கேட்டபடியே அந்த ரூம இடிச்சிட்டு லைப்ரரி கட்டுறோம்!" கைதட்டல். பென்னியும் தட்டினான்.

வெள்ளிக்கிழமை, அந்த அறையின் சாமான்களை வெளியே எடுத்து வைக்க அவனைத்தான் அனுப்பினார் டெபோரா டீச்சர். உள்சுவரில் ஓரிடம் மட்டும் வெள்ளையடிக்காமல் கிடந்தது. அதில் நீல கிரேயானில் பதினாறாம் வாய்ப்பாடு. ஏழோடு நின்றிருந்தது. கீழே: ஜெயஸ்ரீ, 5-ஆ.

"யாரு மிஸ் இது?" என்று, பார்க்க வந்த டீச்சரிடம் கேட்டான்.

"அக்கா பொண்ணுடா. அம்மா கேட்டைப் பூட்டுற வரைக்கும் இங்கதான் உக்காந்து எழுதும். வெள்ளம் வந்த வருஷம் காய்ச்சல்ல போயிடுச்சு. வெள்ளையடிக்கிறவங்கள அக்கா அந்தப் பக்கம் விடவே மாட்டாங்க."

பென்னி இன்ஜினியரிடம் ஓடினான். "சார், ஓட்டு தப்பு சார்."

"திங்கட்கிழமை இடிக்கிறோம் தம்பி. நீங்க போட்ட ஓட்டுதானே?"

சனிக்கிழமை, சார்ட் பேப்பரும் நீல கிரேயானுமாகப் பள்ளி மதிலேறிக் குதித்தான். அறைச் சுவரில் இருந்ததை ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதி முடிக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது.

"இன்னாடா எழுதிக்கினு கீற?"

"சும்மாக்கா. உனக்குத்தான்."

அக்கா சார்ட்டை வாங்கினாள். அவள் விரல் கடைசி வரியில் நின்றது. "நூத்திப் பன்னெண்டா?"

"அதான்க்கா கரெக்ட்டு. சுவத்துல நூத்தி ரெண்டுன்னு தப்பா கீது." பென்னி வாழ்நாளில் சரியாகப் போட்ட முதல் கணக்கு அது.

"எம்பொண்ணு நூத்தி ரெண்டுன்னுதான் போட்டா. அப்டியே எழுது."

அடித்துவிட்டு எழுதினான். கிரேயான் இரண்டு தடவை உடைந்தது. அக்கா சுவரைத் தொட்டுக்கொண்டே நின்றாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"கதவு மேல்கட்ட வரிக்கும் செவப்பு ஒட்டிகீதே. மூணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு அவ்ளோ ஒசரம் எட்டுமா, பென்னி?"