பள்ளிக்கூடத்துக் கிணறு

அறுபதுகளின் தொடக்கத்தில், கிணத்துக்கடவுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. கிறிஸ்தவ சபை நடத்திய ஆரம்பப் பள்ளி. சம்பளத்துக்கு அரசாங்க மானியம் வரும். நிலமும் ஓட்டுக் கட்டடமும் கிணறும் சபையுடையவை. நான் கோவையில் ஒரு மில் தொழிலாளியின் மகள், மாரியம்மனைக் கும்பிடுகிற வீடு. ஊர்ப் பெரியவர் ஒருவர் நான் வந்த புதிதிலேயே அதைத் தெரிந்துகொண்டு, வேதக்காரர் பள்ளிக்கூடத்தில் எனக்கென்ன வேலை என்று மரியாதை குறையாமல் விசாரித்தார்.

படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே இருந்த தாழ்த்தப்பட்டவர்களின் வளவிலிருந்து வந்தவர்கள். பெற்றோர் ஊர்க்காரர்களின் தோட்டங்களில் பண்ணையத்துக்கு இருந்தார்கள். ஊர்க் கிணற்றில் அவர்கள் கயிறு போட முடியாது. பள்ளிக் கிணற்றில் யாரும் இறைக்கலாம்.

சபைக்கு எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் பள்ளியைக் கவனித்துவந்த போதகரிடமே கேட்டேன்.

"ஆரம்பத்துல ஆள் சேக்கத்தானுங்க டீச்சர் கட்டுனாங்க. அதை மறைச்சு என்ன ஆகப்போகுது? ஞானஸ்நானம் வாங்குனது ரெண்டே குடும்பம். அதுக்காக மூடிப்போட்டா, மத்த குழந்தைகளை யாருங்க உள்ள உக்கார வெப்பாங்க?"

அந்தக் கோடையில் ஊர்க் கிணறு வற்றியது. ஊர்ப் பெண்கள் குடங்களோடு பள்ளிக்கு வந்தார்கள். வளவுப் பிள்ளைகள் தொட்ட கயிற்றைத் தொட மாட்டோம், பிள்ளைகளை நிறுத்தி வையுங்கள் என்றார்கள். போதகர் ஒப்புக்கொள்ளவில்லை. கயிறு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் வெற்றுக் குடங்களோடு திரும்பிப் போனார்கள்.

சில நாள் கழித்து, காலையில் வாளியை இறக்கியபோது நாற்றம் அடித்தது. செத்த நாய் ஒன்று தண்ணீரில் உப்பி மிதந்தது. யார் போட்டது என்று கேட்டு ஊருக்குள் போன போதகருக்கு ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கிணற்றை மூடினோம். வளவில் ஓடைக் குழியில் தேங்கிய தண்ணீரைக் குடித்தார்கள். வாந்திபேதி கண்டது.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாய்ப்பாட்டை ராகம்போட்டுச் சொல்கிறவள், படுத்துவிட்டாள். கோவை பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். மாட்டுவண்டியில் போதகரும் அவளுடைய அப்பனும் நானும் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. ஒத்தக்கால்மண்டபம் தாண்டுவதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. அப்பன் அழவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னார்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். யார்மீதும் வழக்கில்லை. நகரத்துச் சபை கிணற்றைச் சுத்தம் செய்ய ஆளையும், ஊசி போட ஒரு டாக்டரையும் அனுப்பியது. ஊர்க்காரர்களும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். கூடவே வந்த சபை மூப்பர்களில் சிலர், பகையை வளர்த்துக்கொண்டு இங்கே பள்ளி எதற்கு, மூடிவிடலாம் என்றார்கள்.  போதகரும் அன்றைக்கு உடைந்துதான் போயிருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் அந்த அப்பன் இளைய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இவளையும் சேத்துக்குங்க டீச்சரம்மா. ஊட்ல வெச்சிருந்தா மட்டும் என்னத்தைக் காப்பாத்திப்போடுவோமுங்க?"

 போதகர் கோவைக்குப் போய் மூப்பர்களிடம் அந்த அப்பன் சொன்னதைச் சொன்னார். அதற்குமேல் யாரும் மூடுவதைப் பற்றிப் பேசவில்லை.

இளையவள் நன்றாகப் படித்தாள். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், கோவையில் சபை நடத்திய பெண்கள் விடுதியில் போதகர் அவளுக்கு இடம் வாங்கினார். அப்பனுக்குச் சம்மதம். தாய்தான் விடவில்லை. அந்த ரோட்டில் போன ஒருத்தி பிணமாகத் திரும்பியதே போதும் என்றாள். நான் வளவுக்கே போய்க் கெஞ்சினேன். அவள் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மகளைத் தரமாட்டேன் என்றாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண், அன்று என்னை விசாரித்த ஊர்ப் பெரியவரின் தோட்டத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.