அக்னெஸ் கேட்ட கப்பல்

மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிற அக்னெஸ், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அதனால் மாதா கோயிலில் அவளைக் கண்டால் நான் வேறு வாங்கில் போய் இருந்துவிடுவேன்.

2009 மாசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தவர்களை வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தம்பி ஜெராட் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் இலங்கையில், சண்டை நடந்துகொண்டிருந்த முல்லைத்தீவுக் கடற்கரையில் அகப்பட்டிருந்தான். ஒரு பக்கம் ஷெல், மறுபக்கம் கடல். கனடா தன் நட்பு நாடான அமெரிக்காவிடம் கடற்படைக் கப்பல்களைக் கேட்டு அந்தச் சனத்தை ஏற்றவேண்டும் என்று ஒரு மனு எழுதி வைத்திருந்தாள்.

“அமெரிக்கன் எங்களுக்குக் கப்பல் தருவானோ?” என்று சிரித்தேன்.

“கேட்டால்தானே மரியதாசன் அண்ணை, இல்லையெண்டாவது சொல்லுவான். கையெழுத்தைப் போடுங்கோ.”

எனக்கு, மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, நகருக்கு வெளியே டொலார்ட்டில் இருக்கும் மச்சானுக்கு என்று ஆறு பேருக்கும் நானே போட்டேன். வீட்டுக்குப் பெரியவன் எல்லாருக்கும் சேர்த்துப் போடுவதுதானே எங்கள் வழக்கம்! பின்னால் நின்றவர்களும் அப்படியே செய்தார்கள். அரை மணித்தியாலத்தில் நானூறு பெயர் சேர்ந்துவிட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். அக்னெஸுக்குப் பிரெஞ்சு விளங்கும், பேசவராது. அங்கிருந்த செயலாளர்ப் பெண் தாள்களைப் புரட்டிவிட்டு, ஒரே கையெழுத்தில் ஐந்தாறு பெயர் இருக்கிறது, இது செல்லாது, அவரவரே போடவேண்டும் என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“புதுசா வாங்குவம்” என்றாள் அக்னெஸ்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தாள்.

“சோறும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். மகனைக் கூப்பிடுங்கோ.”

அவன் பிரெஞ்சில் புறுபுறுத்தபடி இறங்கி வரும்வரை கால்மிதியை விட்டு அசையவில்லை. ஜெராட்டின் தொலைபேசி அழைப்பு கடைசியாக வந்து பன்னிரண்டு நாளாகிறது என்று அன்றுதான் சொன்னாள்.

பத்தாம் நாள் மறுபடியும் லொங்குய் போனோம். முந்நூற்று எண்பது பெயர், எல்லாம் அவரவர் கையெழுத்து. செயலாளர்ப் பெண்ணுக்கே சந்தோஷம். கடைசித் தாளில் மட்டும் விரலை வைத்தாள். ஜெராட், அவன் மனைவி, மூன்று பிள்ளைகள். ஐந்து பெயரும் அக்னெஸின் எழுத்து. இவ்வளவு அலைந்தும் அதே பிழையா என்று எனக்குக் கோபம் வந்தது.

“இவர்கள் தாங்களே போடவேண்டும், மேடம்” என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

நான் தமிழில் சொல்லுமுன்பே அக்னெஸுக்கு விளங்கிவிட்டது.

“ஓம், அவை வந்து தங்கட கையாலை போடுவினம். அதுக்குத்தானே கப்பல் கேக்கிறம் எண்டு சொல்லுங்கோ.”

வாயைத் திறந்தேன். பிரெஞ்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அக்னெஸ் அழவில்லை.

“சொல்லுங்கோ அண்ணை” என்றாள்.