வாப்பாவின் இலக்கத்துக்கு வந்த கோல்

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, நான் மனிதன்தான் என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓர் இயந்திரத்துக்கு நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். கம்பனியின் மின்னஞ்சலைத் திறக்கப் போனால், ஒன்பது சின்னப் படங்களைக் காட்டி, தீயணைப்புக் குழாய் இருப்பவற்றை மட்டும் தொடு என்கிறது. வந்த புதிதில் அது என்ன சாமான் என்றே எனக்குத் தெரியாது. என் ஊரான சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் நெருப்புப் பிடித்தால் கிணற்று வாளியோடு ஓடிவருகிற ஆட்கள்தான் உண்டு. படத்தில் தெருவோரம் குள்ளமாக நின்ற சிவப்பு இரும்பைத் தபால் பெட்டி என்று நினைத்துத் தொடாமல் விட்டேன். மூன்று தடவை அப்படி விட்டதும், நான் மனிதன் இல்லை என்று முடிவாகிவிட்டது. அன்றைக்கு அதைச் சொல்லிச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

தோஹாவில், குளிரூட்டிகள் பழுதுபார்க்கும் கம்பனி ஒன்றின் களஞ்சியத்தில் எனக்கு வேலை. ஊரில் இருக்கும்போது கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றேன். அங்கே லீவு என்றால், கல்லாவில் இருக்கும் முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் போதும். முகத்தைப் பார்த்தே, "போ, போய்த் தொல. ஞாயிற்றுக்கிழமை வந்திரு" என்பார். இங்கே என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. லீவு, டிக்கெட், சம்பளச் சீட்டு எல்லாம் கணினித் திரையில் திறக்கும் அந்த மின்னஞ்சலுக்குள்ளே இருக்கின்றன. அது திறந்தால்தான் நான் இந்தக் கம்பனியின் ஆள். திறக்காவிட்டால் வாசலில் நிற்கும் காவலாளிகூட என்னை நம்புவான், கம்பனி நம்பாது.

வாப்பா மௌத்தாகி நாலு மாதமாகிறது. பின்னேரம் அசருக்கு மௌத்து, இரவு இஷாத் தொழுகைக்கு முன் அடக்கம். என்னால் போய்ச் சேர முடியவில்லை. மையித்தைத் தூக்கியதைப் போனில்தான் பார்த்தேன், அதுவும் பாதியில் அறுந்துபோனது. அன்றிலிருந்து உம்மா, புருஷனை இழந்த பெண்ணுக்குரிய இத்தா இருக்கிறா. நாலு மாதமும் பத்து நாளும் ஓர் அறைக்குள், திரைக்குப் பின்னால், வெள்ளை உடுப்போடு. மகன், மருமகன், உடன்பிறந்தவர்கள் தவிர வேறு ஆண்களின் முகம் பார்ப்பதில்லை, குரலும் கேட்பதில்லை. இது எங்கள் பகுதியில் உம்மாவின் வயதுப் பெண்கள் இத்தா இருக்கும் முறை. அது முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. என்னிடம் அவ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வெளிய வரக்குள்ள ஒன்ட முகத்த முதல்ல பார்க்கணும் மகன். மையித்துக்குத்தான் வரக்கிடைக்கல்ல."

ஓம் என்று சொல்லியிருந்தேன். லீவுக்கும் எழுதிப் போட்டேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளர் களஞ்சியத்தைத் தாண்டிப் போகும்போது, "உன் லீவு மூன்று நாளுக்கு முன்பே கிடைத்துவிட்டதே. இன்று பகல் பன்னிரண்டுக்குள் மெயிலில் உறுதிப்படுத்து, இல்லாவிட்டால் சீட் போய்விடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். கடவுச்சொல் பிழை என்றது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அதை மாற்ற வேண்டும். போன வாரம் நானே மாற்றியதை மறந்து, பிரவுசர் தானாக நிரப்பிய பழையதையே ஐந்து தடவை அழுத்தியிருக்கிறேன். கணக்கு பூட்டுப்பட்டுவிட்டது. உதவிப் பிரிவுக்குப் போன் போட்டேன். மஹ்மூத் எடுத்தான். எகிப்துக்காரன், பொறுமைசாலி. பிரவுசரின் வரலாற்றை அழி என்றான், அழித்தேன். வேறு பிரவுசரில் போ என்றான், போனேன். கணினியை அணைத்துப் போடு என்றான், போட்டேன். 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. கடைசியில், பதிந்துவைத்த இலக்கத்துக்கு ஆறு எண்கள் வரும், அதைப் போட்டால் திறக்கும் என்றான். திரையில் நட்சத்திரங்களாக வரிசை ஓடி, முடிவில் இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தன. அது வாப்பாவின் இலக்கம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, ஒருக்காலும் மாறாத இலக்கம் ஒன்றை எழுது என்று படிவத்தை நீட்டினார்கள். கூட வந்த நேபாளிகள் தங்கள் புது சிம்மின் இலக்கத்தை எழுதினார்கள். நான் யோசித்தேன். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். நாங்கள் இருந்த வீடு தங்கச்சி சிபானாவுக்கு என்று அப்போதே எழுதியாகிவிட்டது. நான் எந்தத் தெருவுக்கு, எந்த வீட்டுக்குப் போவேன் என்று இன்றுவரை தெரியாது. இங்கே தங்குமிடமோ வருடத்துக்கு ஒன்று. மாறாதது என்று என் வாழ்க்கையில் இருந்தது வாப்பாவின் இலக்கம் மட்டும்தான், அதை எழுதினேன். மாறாது என்றுதான் நினைத்தேனே தவிர, எடுப்பதற்கு ஆள் இல்லாமல் போகும் என்று நினைக்கவில்லை.

வாப்பா நெல் ஆலையில் நிறுவைக்கு நின்றவர். எண் என்றால் அவருக்கு விளையாட்டு இல்லை. மின்னஞ்சல் பூட்டுப்பட்டால், ஆறு எண்களையும் சொல்லும் அந்தத் தொலைபேசிக் கோல் அவருக்குப் போகும். இங்கிலீசில் சொல்லும் எண்களைக் கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி, எனக்கு எடுத்து ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் திருப்பிச் சொன்னால்தான் அடுத்த எண் வரும். எஸ்.எம்.எஸ். வந்தால் வாசித்துவிட்டு அழித்துவிடுவார். முடிவில் எப்போதும் ஒரே கேள்வி: "திறந்திச்சா?" ஓம் வாப்பா என்று நான் சொல்லும்வரை போனை வைக்கமாட்டார்.

இப்போது அந்தப் போன் உம்மாவின் தலைமாட்டில் கிடக்கிறது. அழிக்க ஆளில்லாமல் எஸ்.எம்.எஸ். பெட்டி நிரம்பி வழிகிறது, புதிதாக ஒன்றும் உள்ளே போகாது. மிச்சம் கோல்தான். மஹ்மூத் ஒரு தரம் அழுத்தினான். உடனே அறுந்தது. இன்னொரு தரம், அதுவும் அறுந்தது. நான் உம்மாவுக்கு எடுத்தேன்.

"ஆரோ ஒரு ஆம்புள மகன், இங்கிலீசுல கதைக்கான். நான் உடன வெச்சிட்டன்."

"அது மெசின் உம்மா. ஆறு நம்பர் சொல்லும். கேட்டு எனக்குச் சொன்னாச் சரி."

"மெசினோ என்னவோ, கொரல் ஆம்புளட கொரல்தானே. இவ்வளவு நாளும் பேணி இரிந்திட்டன். பதினொரு நாள்தான் இரிக்கி."

சிபானா சவளக்கடை என்ற ஊரின் பள்ளியில் படிப்பிக்கிறாள். வகுப்பில் நிற்கும்போது போனை அணைத்துப் பையில் போட்டுவிடுவாள். பள்ளி விட்டு அவள் வந்து சேர இரண்டரை மணியாகும். இங்கே அது சரியாகப் பன்னிரண்டு. அவள் புருஷன் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். அதுவரை வீட்டில் உம்மா தனியே.

"உன் தாய்க்குக் காது கேட்காதா?" என்றான் மஹ்மூத்.

விசயத்தை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினேன்.

"என் தாயும் இத்தா இருந்தவர்தான். சந்தைக்குப் போய் மீன்காரனோடு விலை பேசினார். குரல் கேட்கக்கூடாது என்று யார் சொன்னது?"

"எங்கள் ஊர்."

"இது இயந்திரம், சகோதரா. இதற்கு யாரையும் நிக்காஹ் செய்துகொடுக்க முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இங்கே வருமுன் கொஞ்சக் காலம் கொழும்பில் வேலை பார்த்தபோது ஒரு கோபம் வரும், அது வேறு. அங்கே என் மார்க்கம் தெரியாதவர்களுக்கு நான் விளக்கினேன். இங்கே அதே கிப்லாத் திசையைப் பார்த்து, அதே ஸஃப் வரிசையில் எனக்குப் பக்கத்தில் தொழுகிறவனுக்கு என் உம்மாவை விளக்க முடியவில்லை. மார்க்கச் சட்டம் அவன் பக்கம் இருக்கலாம். உம்மா என் பக்கம் இருந்தா. இலக்கத்தையாவது மாற்றித் தா என்று கெஞ்சினேன். அதற்கு என் மின்னஞ்சலிலிருந்து விண்ணப்பம் வர வேண்டுமாம். மேற்பார்வையாளரிடம் ஓடினேன், எல்லாம் சிஸ்டம்தான் என்று கையை விரித்தார்.

பதினொன்றரைக்கு உம்மாவே எனக்கு எடுத்தா.

"அத வரச் சொல்லு மகன். கேக்கன்."

வேண்டாம் உம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மஹ்மூத் அழுத்தினான். இந்த முறை கோல் அறுபடவில்லை. ஒரு நிமிடம் கழித்து உம்மாவின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"நாலு நம்பர் கேட்டன். பொறகு நெஞ்சு படபடத்திச்சி, வெச்சிட்டன். நாலு போதுமா மகன்?"

போதாது. அடுத்த கோலுக்கு அழுத்தியபோது, அளவுக்கு மீறி முயன்றுவிட்டீர்கள், இருபத்துநான்கு மணித்தியாலம் கழித்து வாருங்கள் என்றது திரை. மஹ்மூத் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டான். பன்னிரண்டு மணி வந்து போனது. நான் குளிரூட்டிச் சாமான்களின் நடுவே ஒரு பெட்டியில் குந்திக்கொண்டு, நாலு மாதம் காத்ததை உம்மா எனக்காக விட்டுக்கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று அழுதேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊரில் சிபானாவுக்குப் பள்ளி இல்லை, எனக்கும் வேலை இல்லை. ஜும்ஆ முடிந்து களஞ்சியத்துக்குப் போனேன். சிபானா வாப்பாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தன் போனில் என்னோடு இருந்தாள். கோல் போனது. ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். போட்டேன். எந்தக் கரைச்சலும் இல்லாமல் அஞ்சல் திறந்தது.

மேலே இரண்டு கடிதங்கள். பழையது லீவு தந்திருந்தது. புதியது, உறுதிப்படுத்தாததால் அதை ரத்துச் செய்து, இப்போதைய வேலைத்தளப் பணி முடியும்வரை புது விண்ணப்பம் ஏற்கப்படாது என்றது. அவற்றை வாசித்து முடிக்குமுன், ஊரில் இத்தாத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சிபானாவின் போனில் கேட்டது.

"திறந்திச்சா?"

வாப்பாவின் கேள்வி அது. உம்மா இத்தனை வருசமும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறா.

"திறந்திச்சி உம்மா."

"அப்ப வாறதானே மகன்?"

அதே நேரம் கணினித் திரையில் ஒரு பெட்டி எழும்பியது. 'இந்தத் தொலைபேசி இலக்கம் இன்னமும் உங்களுடையதா?' கீழே ஆம், இல்லை. பெட்டி காத்திருக்கலாம், உம்மாவைக் காக்கவைக்க முடியாது.

"இல்ல உம்மா. சீட் போயிட்டு. வரக்கிடைக்கா."

சிபானா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். உம்மா முந்திக்கொண்டா.

"சரி மகன், அழாத. இத்தா முடிஞ்சா எனக்குப் பயமில்லத்தானே. அடுத்த முற அந்தக் கோல நான் எடுப்பன். வாப்பாட நம்பர மட்டும் மாத்திப் போடாத."

ஆம் என்பதை அழுத்தினேன். நன்றி சொல்லிவிட்டுப் பெட்டி மறைந்தது. என் அஞ்சல் முழுவதும் எனக்கு முன்னால் திறந்து கிடந்தது. அதில் எனக்கு வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.